டெட்ராய்ட்டைக் கெடுத்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனுக்கு வேலைக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் டிராய், நோவி, ஃபார்மிங்டன் ஹில்ஸ், கேன்டன் போன்ற புறநகர்களில்தான் குடியேறுகிறோம். வந்த சில வாரங்களிலேயே டெட்ராய்ட்டைப் பற்றி யாராவது ஒரு "வரலாறு" சொல்லிவிடுகிறார்கள். எந்த மேயர் கெடுத்தார், எந்த மக்கள் கெடுத்தார்கள் என்று அது ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதைக் கேட்டு வந்தவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

நாங்க டிராய்ல இருக்கோம். ஊர்ல கேட்டா டெட்ராய்ட்னுதான் சொல்றோம். அதுவும் டெட்ராய்ட்தானே?

இல்லை. டெட்ராய்ட் சுமார் 139 சதுர மைல் பரப்புள்ள தனி நகராட்சி. அதன் வடக்கு எல்லை எட்டு மைல் சாலை. நகரம் இருப்பது வேய்ன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). சாலையைத் தாண்டினால் ஓக்லாந்து, மெகோம் கவுண்டிகள். டிராய், நோவி, லிவோனியா, டியர்பார்ன் எல்லாமே தனித்தனி நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த மேயர், சொந்தக் காவல்துறை, சொந்தச் சொத்துவரி உண்டு.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் டெட்ராய்ட்டிலிருந்து ஆறு மைல் தள்ளி வீடு மாறினால், அவருடைய சொத்துவரி முழுவதும் இன்னொரு நகரத்துக்குப் போய்விடும். விட்டுவந்த தெருவின் விளக்கு, குழாய், தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் அங்கேயே இருப்பவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

ஊர் எவ்வளவு சுருங்கிடுச்சு?

1950 கணக்கெடுப்பில் 18,49,568 பேர். 1970-இல் ஏறத்தாழ 15 லட்சம், 1990-இல் 10,27,974, 2010-இல் 7,13,777, 2020-இல் 6,39,111. எழுபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போய்விட்டார்கள். 139 சதுர மைல் மட்டும் அப்படியே இருக்கிறது. தெருவில் பத்து வீட்டுக்கு மூன்று வீடு மிஞ்சினாலும் சாக்கடைக் குழாயின் நீளம் குறையாது, குப்பை வண்டி ஓட வேண்டிய தூரமும் குறையாது. பத்துப் பேர் பகிர்ந்த செலவை மூன்று பேர் சுமக்க வேண்டும். அந்த மூவரும் பெரும்பாலும் வெளியேற வசதியில்லாதவர்கள்.

1967 கலவரத்தைப் பார்த்துப் பயந்துதானே வெள்ளைக்காரங்க ஊரைக் காலி பண்ணாங்க?

மேலே உள்ள எண்களையே மறுபடி பாருங்கள். 1950-க்கும் 1960-க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 1,80,000 பேர் குறைந்துவிட்டார்கள். அப்போது கலவரமும் இல்லை, கறுப்பின மேயரும் இல்லை. முதலில் போனவை வேலைகள். 1947 முதல் 1963 வரை நகரம் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உற்பத்தித் தொழில் வேலைகளை இழந்தது. பேக்கார்ட் கார் தொழிற்சாலை 1956-இல் உற்பத்தியை நிறுத்தியது. புதிய ஆலைகளுக்கு ஒரே தளமாகப் பரந்த நிலம் தேவைப்பட்டது, அது புறநகரில் மலிவாகக் கிடைத்தது. அரசு போட்ட விரைவுச்சாலைகள் தொழிலாளியையும் அங்கே கொண்டுபோய்விட்டன. 1954-இல் சவுத்ஃபீல்டில் நார்த்லாந்து வணிக வளாகம் திறந்ததும் கடைத்தெருவும் கிளம்பியது.

1967 ஜூலை 23 அதிகாலையில் 12-ஆம் தெருவில் உரிமமில்லாத மது விடுதி ஒன்றைக் காவல்துறை சோதனையிட்டதில் தொடங்கியதுதான் அந்தக் கலவரம். 43 பேர் இறந்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பினத்தவர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், கூட்டாட்சி ராணுவம் இறங்கியது. வெளியேற்றம் அதற்குப் பிறகு வேகமெடுத்தது உண்மை. ஆனால் அது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1943-இலும் ஒரு பெரிய இனக்கலவரம் நடந்து 34 பேர் இறந்தார்கள், அதில் 25 பேர் கறுப்பினத்தவர். அந்த 25 பேரில் 17 பேரைச் சுட்டது காவல்துறை. ஊர் கெட்ட கதையை 1967-இலிருந்து தொடங்குகிறவர்கள் 1943-ஐப் பெரும்பாலும் சொல்வதில்லை.

வேலை புறநகருக்குப் போனா, கறுப்பின மக்களும் அங்கேயே போயிருக்கலாமே? யார் தடுத்தா?

நேரடியாகவே தடுத்தார்கள், எழுத்திலேயே. வீட்டுப் பத்திரங்களில் "வெள்ளையரல்லாதவருக்கு விற்கக்கூடாது" என்ற நிபந்தனை இருந்தது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நீதிமன்றம் வழியாக நிறைவேற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதில் சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டைச் சேர்ந்த மக்கீ குடும்பத்தினுடையது. தீர்ப்புக்குப் பிறகும் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. கூட்டாட்சி வீட்டுக்கடன் அமைப்புகள் கறுப்பினப் பகுதிகளை வரைபடத்தில் ஆபத்தான பகுதி என்று குறித்து வைத்திருந்தன. எட்டு மைல் சாலைக்குத் தெற்கே 1941-இல் ஒரு கட்டுமானக்காரர் ஆறடி உயரம், ஓரடி தடிமனில் அரை மைல் நீளத்துக்குச் சுவரே எழுப்பினார். பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு இருந்ததால் கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டது, சுவர் வந்ததும் அது கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. பர்வுட் தெருப் பக்கம் போனால் பார்க்கலாம்.

உள்ளூர் அரசியலும் இதில்தான் ஊறியது. 1949 மேயர் தேர்தலில் தொழிற்சங்க ஆதரவு வேட்பாளரான ஜார்ஜ் எட்வர்ட்ஸ் பொது வீட்டுத் திட்டங்களை ஆதரித்தார். அவரை எதிர்த்த ஆல்பர்ட் கோபோ வெள்ளையர் குடியிருப்புகளில் அவை வராது என்று வாக்குறுதி தந்து வென்றார், வந்ததும் பெரும்பாலான இடங்களை ரத்து செய்தார். பிறகு பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பினக் கடைத்தெருக்களும் குடியிருப்புகளும் நகரச் சீரமைப்புக்காகவும் கிரைஸ்லர் விரைவுச்சாலைக்காகவும் இடிக்கப்பட்டன. எல்லைக்கு அந்தப் பக்கம் டியர்பார்னில் ஆர்வில் ஹப்பார்ட் 1942 முதல் 1978 வரை மேயர். கறுப்பினத்தவரைத் தன் ஊரில் குடியேற விடமாட்டேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே தேர்தல் தேர்தலாக வென்றவர். ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது அந்த ஊரில்தான். அங்கே வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது என்பதுதான் ஒரு தலைமுறையின் நிலை.

பள்ளிக்கூடம்? அதையாவது ஊர் ஒழுங்கா நடத்தியிருக்கலாமே?

1974 ஜூலை 25-ஆம் தேதித் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டெட்ராய்ட் பள்ளிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன என்று கண்ட கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவன் ராத், நகரத்துக்குள் மட்டும் மாணவரைக் கலந்தால் பயனில்லை என்று 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத் திட்டம் போடச் சொன்னார். மில்லிகென் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே எல்லை தாண்டக்கூடாது என்றது பெரும்பான்மை.

விளைவு எளிது. வெள்ளையர் பள்ளி வேண்டும் என்று நினைத்த பெற்றோருக்கு எட்டு மைல் சாலையைத் தாண்டினால் போதும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. எங்கள் கணிப்பில், எந்த மேயரின் எந்த முடிவைவிடவும் நகரத்தின் எதிர்காலத்தை அதிகம் பாதித்தது இந்தத் தீர்ப்பு.

கோல்மன் யங்தான் "எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் போங்க"ன்னு வெள்ளைக்காரங்களை விரட்டினாராமே?

யங் 1973-இல் காவல் ஆணையராக இருந்த ஜான் நிக்கல்ஸைக் குறைந்த வித்தியாசத்தில் தோற்கடித்து, 1974 ஜனவரியில் நகரத்தின் முதல் கறுப்பின மேயரானார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய முழுக்க இன அடிப்படையிலேயே வாக்களித்தார்கள். பதவியேற்பு உரையில் போதைப்பொருள் விற்பவர்களையும் வழிப்பறிக்காரர்களையும் பார்த்துத்தான் எட்டு மைல் சாலையைப் பிடித்துக் கிளம்புங்கள் என்றார். அவர்கள் கறுப்போ வெள்ளையோ, நீலச் சீருடையில் இருப்பவர்களோ, யாராக இருந்தாலும் சரி என்று அதே மூச்சில் சொன்னார். குற்றவாளிகளை எங்கள் பக்கம் துரத்துகிறார் என்று புறநகர்கள் எடுத்துக்கொண்டன. காலப்போக்கில் அது "வெள்ளையரைப் போகச் சொன்னார்" என்று மாறிவிட்டது. உரையில் அப்படி இல்லை.

சீருடையைச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1971-இல் தொடங்கிய ஸ்ட்ரெஸ் என்ற காவல் பிரிவு, மாறுவேடத்தில் போய் வழிப்பறிக்காரரைப் பிடிப்பதற்கானது. அது இருபதுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது, பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நிக்கல்ஸ் அதன் ஆணையர். யங் அதைக் கலைத்தார், காவல்துறையில் கறுப்பினத்தவரையும் பெண்களையும் சேர்த்தார். 1967-இல் அந்தத் துறையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. நகர மக்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

அப்போ யங் மேல தப்பே இல்லைன்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் பதவியில் இருந்தவர், அவர் கையில் இருந்த விஷயங்களுக்கு அவர்தான் பொறுப்பு. 1981-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காகப் போல்டவுன் பகுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளை, தேவாலயங்களோடு சேர்த்து இடித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அதை அப்போது அனுமதித்தது, 2004-இல் வேறொரு வழக்கில் அந்த நிலைப்பாட்டையே கைவிட்டது. வாக்குறுதி தந்த அளவு வேலைகள் அந்த ஆலையில் வரவில்லை. அவருடைய நீண்டகாலக் காவல் தலைவர் வில்லியம் ஹார்ட், ரகசிய நிதியிலிருந்து இருபது லட்சம் டாலருக்கு மேல் திருடியதற்காக 1992-இல் தண்டிக்கப்பட்டார். குடியிருப்புகள் சிதையும்போது நதிக்கரையிலும் நடுநகரிலும் பெரிய கட்டடங்களில் கவனம் வைத்தார் என்ற குறையும் நியாயமானது.

அதே யங்தான் 1981-இல் ஊர் மூழ்கும் நிலையில் வருமான வரியை உயர்த்த மக்களிடமே வாக்குக் கேட்டு வென்றார், தன்னை ஆதரித்த தொழிற்சங்கங்களிடமே சம்பளக் குறைப்புக்கும் ஒப்புதல் வாங்கினார். வரவுசெலவில் அவர் கண்டிப்பானவர். புறநகர்த் தலைவர்களுக்கு அவரைத் திட்டுவது வாக்கு. அவருக்குப் புறநகரைத் திட்டுவது வாக்கு. இரண்டு பக்கமும் இதில் லாபம் பார்த்ததால், சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள் நின்றன. பேருந்து பற்றிய கேள்வியில் இது மறுபடி வரும்.

கில்பாட்ரிக் திருடினதாலதானே ஊர் திவாலாச்சு?

குவாமே கில்பாட்ரிக் 2002 முதல் 2008 வரை மேயர். குறுஞ்செய்திகள் வழியாக வெளிவந்த பொய்ச்சாட்சி விவகாரத்தில் 2008-இல் பதவி விலகினார். 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் மிரட்டிப் பணம் பறித்தல், லஞ்சம் உள்ளிட்ட 24 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று கண்டு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அதைக் குறைத்து விடுவித்தார். பிடிபட்ட வேளையில், 2008 மார்ச் உரையில், தன்னை எதிர்ப்பவர்களைக் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற கும்பலோடு ஒப்பிட்டார். தன் தவறை மறைக்க மக்களின் உண்மையான காயத்தைப் பயன்படுத்தியது மன்னிக்கக்கூடியதல்ல. அதனால் அதிகம் நஷ்டப்பட்டவர்களும் அவருக்கு வாக்களித்த மக்களே.

ஆனால் திவாலுக்குக் காரணம் திருட்டு என்று கணக்குப் போட முடியாது. நகரத்தின் கடன் சுமார் 1,800 கோடி டாலர், லஞ்சப் பணம் அதில் ஒரு சிறு துளி. அவர் காலத்தில் நடந்த பெரிய சேதம் சட்டப்படியே நடந்தது. ஓய்வூதிய நிதியின் பற்றாக்குறையை நிரப்ப 2005–06-இல் ஏறத்தாழ 140 கோடி டாலர் கடன் எடுத்து, வட்டி ஏறாமலிருக்க வங்கிகளோடு மாற்று ஒப்பந்தம் போட்டார்கள். 2008-இல் வட்டி விகிதம் பாதாளத்துக்குப் போனது. நகரம் மட்டும் பழைய உயர்ந்த வட்டியில் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிணையாகச் சூதாட்ட விடுதிகளின் வரி வருவாயையும் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், 1998-இல் மாநில அரசோடு ஓர் உடன்பாடு இருந்தது. நகரம் தன் வருமான வரியைப் படிப்படியாகக் குறைக்கும், பதிலுக்கு மாநிலம் ஆண்டுக்கு 33 கோடியே 39 லட்சம் டாலர் பங்கு தரும். நகரம் வரியைக் குறைத்தது, மாநிலம் பங்கை வெட்டியது. மாநிலத்தில் யாரும் இதற்காக நீதிமன்றப் படி ஏறவில்லை.

திவால்னா என்ன ஆகும்? யார் பணம் போச்சு?

நகராட்சிக்கான திவால் சட்டப் பிரிவில், 2013 ஜூலை 18 அன்று வழக்கு பதிவானது. அமெரிக்க நகராட்சி திவால்களில் அதுவரை அதுதான் மிகப் பெரியது. 2014 நவம்பரில் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் திட்டத்தை ஏற்றார், டிசம்பர் 10-இல் நகரம் வெளியே வந்தது. சுமார் 700 கோடி டாலர் கடன் கழிந்தது.

பத்திரம் வாங்கியவர்களும் இழந்தார்கள், ஓய்வுபெற்ற ஊழியர்களும் இழந்தார்கள். பொது ஊழியர்களின் மாத ஓய்வூதியம் 4.5 விழுக்காடு குறைந்தது, விலைவாசிக்கேற்ற உயர்வு நின்றது. சேமிப்புக் கணக்கில் அதிக வட்டி வாங்கியதாகச் சொல்லிச் சிலரிடம் பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. காவலர், தீயணைப்பு வீரர்களுக்கு அடிப்படை குறையவில்லை, ஆண்டு உயர்வு குறைந்தது. எல்லோருக்கும் பெரிய அடி மருத்துவக் காப்பீட்டில். வெட்டு இதைவிட ஆழமாகாமல் காத்தது அறக்கட்டளைகளும் மாநிலமும் கலை அருங்காட்சியகமும் சேர்ந்து உறுதியளித்த 81 கோடி 60 லட்சம் டாலர். அதனால் அருங்காட்சியகத்தின் ஓவியங்களும் ஏலத்துக்குப் போகவில்லை.

ஆளுநர் ஒரு நிபுணரை அனுப்பிச் சரிபண்ணினார். நல்லதுதானே? இதுல இனம் எங்க வந்தது?

2013 மார்ச்சில் ஆளுநர் ரிக் ஸ்னைடரின் நிர்வாகம் கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை அவசரகால மேலாளராக அமர்த்தியது. அவரும் கறுப்பினத்தவர். ஆகவே எதிர்ப்பு அவர் நிறத்தின் மேல் அல்ல, அவருக்கிருந்த அதிகாரத்தின் மேல். மேலாளர் வந்ததும் மேயர், நகர மன்றம் இரண்டின் அதிகாரமும் அவரிடம் போய்விடும். ஒப்பந்தங்களை முறிக்கலாம், சொத்தை விற்கலாம். மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, முதல் ஒன்றரை ஆண்டுக்கு நகர மன்றத்தால் அவரை அகற்றவும் முடியாது.

இதற்கு வழிசெய்த 2011-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சட்டத்தை, 2012 நவம்பரில் மாநிலம் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் 436-ஆம் எண் சட்டமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டைச் சேர்த்துவிட்டதால் இரண்டாவது வாக்கெடுப்புக்கு வழியில்லை. டெட்ராய்ட், ஃப்ளின்ட், பான்டியாக், பென்டன் ஹார்பர் என மேலாளர் வந்த ஊர்களைச் சேர்த்துப் பார்த்தால், மிச்சிகனின் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஒரு கட்டத்தில் தாங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரின் ஆட்சியில் இருந்தார்கள். வெள்ளையரில் அப்படி இருந்தவர்கள் மிகக் குறைவு.

பொறுப்பு எங்கே நழுவுகிறது என்பதை ஃப்ளின்ட் காட்டியது. 2014 ஏப்ரலில் மேலாளர் ஆட்சியில்தான் அந்த ஊர் குடிநீர் டெட்ராய்ட் அமைப்பிலிருந்து ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாறியது. அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் சேர்க்காததால் குழாய் ஈயம் நீரில் கலந்தது. 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய நீருக்குத் திரும்ப ஏழுக்கு ஒன்று என வாக்களித்தது. மேலாளர் மறுத்தார். மன்றத்தின் வாக்குக்கு அவரைக் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது.

அவ்வளவு கறுப்பினத்தவர் இருக்கிற ஊர்ல வெள்ளைக்கார மேயர் எப்படி ஜெயிச்சார்?

மைக் டக்கன் லிவோனியாவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு மாறி, 2012 ஏப்ரல் 16-இல் வாக்காளராகப் பதிந்தார். மனுத் தாக்கல் செய்யும்போது ஓராண்டு நகரவாசியாக இருக்க வேண்டும் என்பது நகரச் சாசனத்தின் விதி. அவர் 2013 ஏப்ரல் 2-ஆம் தேதியே மனுவைக் கொடுத்துவிட்டார். கடைசி நாள் மே மாதத்தில், இரண்டு வாரம் பொறுத்திருந்தால் போதும். நீதிமன்றம் பெயரை நீக்கியது.

அமெரிக்கத் தேர்தலில் வாக்குச்சீட்டில் இல்லாத பெயரை வாக்காளர் கையால் எழுதலாம். எழுதியதோடு பக்கத்தில் உள்ள வட்டத்தையும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எண்ணப்படாது. டக்கன் தரப்பு வீட்டுக் கூட்டங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. ஏறத்தாழ அதே ஒலிப்பில் பெயர் கொண்ட ஒரு முடிதிருத்துநரும் எழுதும் வேட்பாளராகப் பதிந்துகொண்டார். எல்லாவற்றையும் தாண்டி ஆகஸ்ட் முதற்சுற்றில் டக்கன் முதலிடம், நவம்பரில் வேய்ன் கவுண்டி ஷெரிஃப் பென்னி நெப்போலியனை சுமார் 55-க்கு 45 என்று வென்றார். 1974-க்குப் பிறகு முதல் வெள்ளையின மேயர். அப்போது தெருவிளக்குகளில் 40 விழுக்காடு எரியவில்லை. மக்கள் கேட்டது விளக்கும், கூப்பிட்டால் வரும் காவலரும்தான். நொடித்துக்கொண்டிருந்த மருத்துவமனைக் குழுமத்தை நிமிர்த்தியவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

அப்போ இனம் பார்த்து ஓட்டுப் போடறது அங்க முடிஞ்சிடுச்சா?

கேள்வி இடம் மாறியிருக்கிறது. 2017-இல் டக்கனை எதிர்த்தவர் கோல்மன் யங்கின் மகன். டக்கன் 72 விழுக்காட்டோடு வென்றார். பெயரும் நிறமும் மட்டும் போதாது என்பது தெளிவு. ஆனால் நடுநகரில் பணம் கொட்டுகிறது, எங்கள் தெருவுக்கு என்ன வந்தது என்ற கேள்வி ஓயவில்லை. நடுநகருக்குப் புதிதாக வருபவர்களில் வெள்ளையர் கணிசம், தேய்ந்த தெருக்களில் நிலைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர் என்பதால் அது இனக் கேள்வியாகவும் இருக்கிறது.

அதில் மிகக் கனமானது சொத்துவரி. மிச்சிகன் அரசியலமைப்புப்படி வரிமதிப்பீடு சந்தை விலையின் பாதியைத் தாண்டக்கூடாது. வீட்டு விலை சரிந்த பிறகும் டெட்ராய்ட் பழைய மதிப்பிலேயே வரி போட்டது. 2010–16 காலத்தில் வீட்டுக்காரர்கள் குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாகக் கட்டியதாக டெட்ராய்ட் நியூஸ் 2020-இல் கணக்கிட்டது. கட்ட முடியாதவர்கள் வீட்டையே இழந்தார்கள். நகரம் முழுவதற்குமான மறுமதிப்பீடு 2017-இல்தான் முடிந்தது. கறுப்பின மேயர்கள் காலத்தில் தொடங்கி, மேலாளர் காலத்திலும் தொடர்ந்து, வெள்ளையின மேயரின் முதல் ஆண்டுகளிலும் நடந்த அநீதி இது. யாருடைய நிறமும் இதை விளக்காது. மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்கு ஆளும் நிதியும் இல்லாததும், வரி குறைந்தால் வருவாய் சரியும் என்ற அச்சமும் விளக்கும்.

2023-இல் நகரத்தின் மக்கள்தொகை மதிப்பீடு 1957-க்குப் பிறகு முதல்முறையாகக் கூடியது. 2025 நவம்பரில் நகர மன்றத் தலைவராக இருந்த மேரி ஷெஃபீல்ட் மேயராகத் தேர்வானார், அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண்.

இவ்வளவு பெரிய ஊர்ல பஸ் ஏன் இப்படி இருக்கு?

நகரத்துக்கு ஒரு பேருந்து நிறுவனம், புறநகருக்கு ஸ்மார்ட் என்று இன்னொன்று. ஒரே பெருநகரில் இரண்டு. ஸ்மார்ட்டிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை புறநகர்களுக்கு இருந்தது. விலகிய ஊரின் எல்லையில் பேருந்து நின்றுவிட்டது. கார் இல்லாத டெட்ராய்ட்வாசிக்கு லிவோனியாவிலோ நோவியிலோ வேலை கிடைத்தாலும் போய்ச்சேர முடியாத நிலை இருந்தது. எங்கள் வரி டெட்ராய்ட்டுக்குப் போகும் என்பது ஒரு பக்க அச்சம், எங்கள் அமைப்பைப் பறித்துவிடுவார்கள் என்பது மறுபக்க அச்சம். 1970-களில் அதிபர் ஃபோர்டு அரசு தர முன்வந்த 60 கோடி டாலரை இரு தரப்பும் ஒத்துப்போகாமல் இழந்தார்கள். நான்கு கவுண்டிகளுக்கான 2016 வாக்கெடுப்பு மயிரிழையில் தோற்றது, மெகோம் பெரும் வித்தியாசத்தில் எதிர்த்தது. 2022-இல் ஓக்லாந்து கவுண்டி முழுவதற்குமாகப் போக்குவரத்து வரியை வாக்காளர்கள் ஏற்றார்கள். நோவிக்கும் ராச்செஸ்டருக்கும் பேருந்து வருவது அதனால்தான்.

வேலை டெட்ராய்ட்ல, வீடு நோவியில். எனக்கெதுக்கு டெட்ராய்ட் வரி?

நகரவாசிக்கு வருமான வரி 2.4 விழுக்காடு, வெளியிலிருந்து வந்து வேலை செய்பவருக்கு 1.2. நீங்கள் பகலில் பயன்படுத்தும் சாலை, காவல், தீயணைப்புக்கான பங்கு அது. வெளியூர்வாசிக்கு நகருக்குள் செய்த வேலைக்கு மட்டுமே இந்த வரி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த நாட்களுக்குரியதைத் திரும்பப் பெறலாம். நிறுவனம் முழுச் சம்பளத்திலும் பிடித்திருந்தால், மொத்த வேலைநாட்கள், நகருக்குள் வேலை செய்த நாட்கள் இரண்டையும் காட்டும் கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கி நகர வரிப் படிவத்தோடு இணையுங்கள். படிவத்தைக் கையாளுவது இப்போது மாநிலக் கருவூலம். விடுப்பு நாட்களை வெளியூர் வேலைநாளாகக் காட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை, அதனால் கோரிக்கை நிற்கும்.

வரி ஏலத்துல வீடு 500 டாலருக்குக் கிடைக்குதாமே, வாங்கலாமா?

மூன்று ஆண்டு வரி பாக்கியானால் வேய்ன் கவுண்டி கருவூலர் வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடுவார். பாக்கிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறும். இரண்டாம் ஏலம் 500 டாலரில் தொடங்குவது வழக்கமாக இருந்தது. வாங்கும் முன் நான்கு விஷயங்கள். வீட்டுக்குள்ளே ஆள் இருக்கலாம், மேலே சொன்ன தவறான சொத்துவரியால் வீடிழந்த குடும்பமாகவே அது இருக்கலாம். கிடைப்பது உத்தரவாதமில்லாத பத்திரம், உரிமைக் காப்பீடு வாங்கத் தனி வழக்குத் தேவைப்படலாம். கைமாறிய அடுத்த ஆண்டு, வரிமதிப்பு ஆண்டுக்கு இவ்வளவுதான் உயரலாம் என்ற உச்சவரம்பு நீங்கி வரி எகிறும். நீங்கள் அங்கே குடியிருக்காவிட்டால் பள்ளி வரிவிலக்கும் கிடையாது. வாடகைக்கு விட நகரத்தின் தகுதிச் சான்றும் ஈயப் பரிசோதனையும் வேண்டும். 500 டாலர் என்பது இதில் மிகச் சிறிய செலவு.

மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் ஜனவரியில் வரும் அறிவிப்பைத் தூக்கிப்போடாதீர்கள். பிப்ரவரியில் மதிப்பீட்டாளரிடம், மார்ச்சில் மறுஆய்வுக் குழுவிடம், பிறகு ஜூலை 31-க்குள் மாநில வரித் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நடுப்படியைத் தவறவிட்டால் வீடுகளுக்குத் தீர்ப்பாயத்தின் கதவு மூடிவிடும்.

எல்லாரும் எல்லாரையும் குறை சொல்றாங்க. எது சரின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் ஆண்டைக் கேளுங்கள். யங் காரணம் என்றால், 1974-க்கு முன்பே அது நடந்துகொண்டிருந்ததா? அடுத்து அதிகாரத்தைக் கேளுங்கள். வரி ஏலம் கவுண்டியுடையது. பள்ளியைத் தனி வாரியம் நடத்துகிறது, மேயர் அல்ல. வருவாய்ப் பங்கு மாநிலத்தினுடையது. 2016 முதல் பெருங்குழாய்க் குடிநீர் கிரேட் லேக்ஸ் நீர் ஆணையத்திடம், வீட்டு இணைப்பும் கட்டணமும் நகரத்திடம். மூன்றாவதாக, அதே குறையை வெள்ளையர் பெரும்பான்மை ஊரில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஆலை மூடினால் அது பொருளாதாரம், இங்கே மூடினால் மக்களின் குணம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் வரலாறு கேட்க வேண்டாம்.

எனக்கு ஓட்டே இல்லை, கிரீன் கார்டுதான். நான் என்ன பண்ண முடியும்?

டெட்ராய்ட் நகர மன்றம் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை காலை கூடும். ஒன்பது உறுப்பினர்கள், ஏழு பேர் வட்டாரவாரியாக, இருவர் நகரம் முழுவதற்கும். இணையத்திலும் பார்க்கலாம். பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் உண்டு, அதற்குக் குடியுரிமை தேவையில்லை, பெயர் கொடுத்தால் போதும். உங்கள் புறநகர் மன்றத்திலும் அப்படியே. பேருந்து வரி, நில வகைப்பாடு, அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புக்கு அனுமதி போன்றவை தீர்மானமாவது அங்கேதான். கூட்ட நிரலைச் சில நாட்கள் முன்பே வெளியிடுவார்கள். எட்டு மைல் சாலைக்கு வடக்கே குறைந்த வாடகை வீடு கட்ட அனுமதி கேட்கும் மனு ஒன்று அதில் இருந்தால், அந்தக் கூட்டத்துக்குப் போய் ஆதரித்துப் பேசுங்கள். எதிர்ப்பவர்கள் நிச்சயம் வந்திருப்பார்கள்.